பதினோராம் அறையின் காவல்காரன்

விடுதியில் பார்த்திபனை யாரும் பார்த்திபன் என்று கூப்பிடுவதில்லை. பூட்டு என்பதுதான் அவன் பெயர். "பூட்டு வந்துட்டானா?" "பூட்டு, உன் சோப்பக் குடுடா." இப்படித்தான். அவனும் கோபித்துக்கொள்ள மாட்டான். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

விழுப்புரத்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தது அந்தப் பழைய மாடிக் கட்டடம். சுற்றுவட்டாரத்துக் கிராமத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி. முன்பெல்லாம் அங்கே திருடு போனால் சோப்பு போகும், பனியன் போகும், மிஞ்சினால் ஒரு பிளாஸ்டிக் வாளி போகும். அரசாங்கம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்து, அறைக்கு இரண்டு மூன்று என்று வந்து இறங்கிய பிறகு திருடனுக்கே அந்தஸ்து கூடிவிட்டது. ஏழாம் அறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு லேப்டாப் காணாமல் போனது. வார்டன் சவுரிராயன், உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று ஒரு தாளில் எழுதி மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒட்டினார். அத்தோடு அவர் வேலை முடிந்தது.

பதினோராம் அறையில் இருந்த பார்த்திபனால் அப்படி இருக்க முடியவில்லை. சொந்த ஊரான கெடாரில் அவன் வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர் அவனுக்குக் கிடைத்த லேப்டாப்தான். அவன் அப்பா அரசப்பன் அதன் மூடியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, உழவு மாட்டைத் தட்டிக்கொடுப்பதைப் போல ஒரு தட்டுத் தட்டித்தான் அனுப்பினார். பேட்டரியைக் கழற்றி அதற்கடியில் கவராயத்து முனையால் பெயரும் ஊரும் கீறி வைத்தான் பார்த்திபன். சைக்கிள் சங்கிலி ஒன்று வாங்கிவந்து அறையிலிருந்த டிரங்குப் பெட்டிகளின் கைப்பிடிகளில் நுழைத்துக் கட்டில் காலோடு சேர்த்துப் பூட்டினான். கழிப்பறைக்குப் போனாலும் கதவைப் பூட்டாமல் போகக் கூடாது என்றான். இதற்கு மேல் ஒரு சட்டமும் போட்டான். யாராவது சாமானைத் திறந்து போட்டுவிட்டுப் போனால், பார்க்கிறவன் அதை எடுத்து ஒளித்து வைத்துவிட வேண்டும். தொலைத்தவன் தேடி அலைந்து, கெஞ்சிக் கூத்தாடி, எதிர்க் கடையில் பஜ்ஜியும் டீயும் வாங்கிக் கொடுத்தால்தான் பொருள் கைக்கு வரும். ஒளித்தவன் கேட்டவுடனே ஒப்புக்கொள்ளக் கூடாது. முதலில் தெரியாது என்பான். பிறகு சத்தியமாகத் தெரியாது என்பான். சத்தியமெல்லாம் அங்கே டீத்தூளைவிட மலிவு.

இந்தச் சட்டத்துக்கு அவனோடு சேர்ந்து கைதட்டியவன் சந்தோஷ். மரக்காணம் பக்கம் ஒரு குப்பத்துப் பையன், அப்பா கடலுக்குப் போகிறவர். பஜ்ஜி வாங்கிக் கொடுத்தே ஓய்ந்துபோனவனும் அவன்தான். அவனுடைய லேப்டாப்பை ஒருமுறை ஊருக்கு எடுத்துப்போனபோது வீட்டுக்குள் புகுந்த உப்புத் தண்ணீர் அதைத் தின்றுவிட்டது. அதிலிருந்து பார்த்திபனுடையதைத்தான் கேட்டு வாங்கிப் படிப்பான். வாங்கும்போதெல்லாம், "தோ, தொடச்சிட்டு வர்றேன்டா" என்று கையைக் கழுவிக்கொண்டு வருவான். அவன் அம்மா கோவிந்தம்மாள் மாதம் ஒருமுறை ஒரு பை நிறையக் கருவாடு அனுப்புவாள். அந்தப் பை அவன் கட்டிலுக்கு அடியில் கிடந்து அறை முழுக்க மணக்கும்.

மூன்றாவது ஆள் டோமினிக், பொங்கல் கழிந்து வந்து சேர்ந்தவன். பழைய அறையில் இவனுடைய பென் டிரைவை யாரோ சுட்டுவிட்டார்கள் என்பதால் பூட்டு இருக்கிற அறையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். அதிகம் பேச மாட்டான். சாப்பிடுவதற்கு முன்னால் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொள்வான். இத்தனை பயம் இருந்தும் மறதி மட்டும் அவனை விடவில்லை.

அது பிப்ரவரி மாதத்து வெள்ளிக்கிழமை. காலையிலேயே அரசப்பன் போன் செய்தார். "டேய், மல்லாட்டை புடுங்க இன்னிக்கும் நாளைக்கும்தான் ஆளு கெடைச்சிருக்குது. ஜல்தி கெளம்பி வா." வேர்க்கடலை அறுவடைக்குப் போகப் பார்த்திபன் பையில் ஒரு லுங்கியைத் திணித்துக்கொண்டு திரும்பினால், டோமினிக்கின் கட்டில் மேல் லேப்டாப் திறந்தபடி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. ஐயா குளிக்கப் போய்விட்டார். சந்தோஷ் காலை வகுப்புக்குப் போயிருந்தான்.

பார்த்திபனுக்கு எரிச்சல் வந்தது. இவனுக்கு எத்தனை தடவை சொல்வது? அப்படியே விட்டுவிட்டுப் போனால் எவனாவது அடித்துக்கொண்டு போவான். டோமினிக்கின் டிரங்குப் பெட்டிச் சாவியும் டோமினிக்கிடமே இருக்கிறது. தன் பெட்டியில் வைத்தால் முதலில் அங்கேதான் தேடுவான். சுற்றிலும் பார்த்தான். சந்தோஷின் கட்டிலுக்கடியில் கருவாட்டுப் பை. எந்தத் திருடன் அதற்குள் கை விடுவான்? லேப்டாப்பை இரண்டு பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பைக்குள் அடியில் தள்ளி, மேலே வாளைக் கருவாட்டைப் பரப்பினான். சிரிப்பு வந்தது. கெடார் பஸ் ஏறும்வரைக்கும் அந்தச் சிரிப்பு அடங்கவில்லை.

பதினோரு மணிக்கு, கொல்லைக்காட்டில் மல்லாட்டைச் செடியைப் பிடுங்கி மண்ணை உதறிக்கொண்டிருக்கும்போது டோமினிக் போன் செய்தான்.

"பார்த்திபா, என் லேப்டாப்பக் காணோம். நீ எடுத்து வெச்சியா?"

"எனக்கு இன்னாடா தெரியும்? நான் ஊர்ல கீறேன்."

"வெளையாடாத. திங்கக்கெழம புராஜெக்ட் காட்டணும். எல்லாம் அதுலதான் கீது. உண்மைய சொல்லு, நீ எடுக்கலியா?"

"சத்தியமா எடுக்கலடா" என்றான் பார்த்திபன். பக்கத்து வரிசையில் செடி பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் அவன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு அவனுக்கு உற்சாகம். இன்னொரு தடவை கூப்பிடுவான், அழுவான், அப்போது சொல்லலாம் என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

டோமினிக்குக்குச் சத்தியம் என்றால் சத்தியம். அவன் வீட்டில் விளையாட்டுக்குக்கூட யாரும் அந்த வார்த்தையை எடுக்க மாட்டார்கள். அவன் இன்னொரு தடவை பார்த்திபனைக் கேட்கவில்லை. நேராக வார்டனிடம் போனான்.

மதியம் பார்த்திபனின் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்தது. அந்த வருடம் கரண்ட் வருவதைவிடப் போவதுதான் அதிகம். சாயங்காலம் கரண்ட் வந்து சார்ஜ் போட்டபோது சந்தோஷ் நான்கு முறை கூப்பிட்டதாகச் செய்தி கிடந்தது. ஓகோ, இவனும் சேர்ந்து தேடுகிறான்போல என்று நினைத்தான் பார்த்திபன். நாளைக் காலையில் சொல்லிக்கொள்ளலாம், பையன் இன்னும் கொஞ்சம் அலையட்டும். இதை நினைத்தவன் அவன்தான். வேறு யாரும் அவன் வாயைப் பொத்தவில்லை. காலையில் கூப்பிட்டால் சந்தோஷின் போன் அணைந்திருந்தது. டோமினிக் எடுக்கவில்லை. அதற்குள் மல்லாட்டை மூட்டை கட்டுகிற வேலை வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை விடுதி வாசலில் சமையல்கார வீரம்மாள்தான் முதலில் சொன்னாள்.

"உங்க ரூம்பு சந்தோசு தம்பி லேப்டாப்பத் திருடிடுச்சாமே! வார்டன் ஐயா ரூம்ப சோதன போட்டப்ப பாத்தா கருவாட்டுப் பையில வெச்சிருந்துச்சாம். எனக்குக் கருவாடு எடுத்தாந்து குடுக்குற புள்ளப்பா அது. நம்பவே முடியல."

பார்த்திபன் பையைக் கீழே போட்டான். "சந்தோஷ் எங்கக்கா?"

"வார்டன் ஐயா வெள்ளிக்கெழமையே அனுப்பிட்டாரே. அந்தத் தம்பி, நான் எடுக்கல, பார்த்திபன்தான் வெளையாட்டுக்கு வெச்சிருப்பான்னு சொல்லிக்கினே இருந்துச்சு. நீதான் போன்ல சத்தியம் பண்ணிட்டியாமே, எடுக்கலன்னு."

படியேறும்போதே அவன் முடிவு செய்துவிட்டான். நேராகப் போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான். விளையாட்டு சார், இதுதான் எங்கள் அறை வழக்கம் சார் என்று சொன்னால் இரண்டு திட்டு விழும், அவ்வளவுதானே. வார்டன் அறைக்குள் போனபோது மேசைமேல் கல்லூரி முதல்வருக்கு எழுதிய கடிதத்தின் நகல் கிடந்தது. சந்தோஷின் பெயர், திருட்டு, விடுதியிலிருந்து நீக்கம். கீழே சவுரிராயனின் கையெழுத்து. பக்கத்தில் டோமினிக் நின்றிருந்தான்.

"வாடா பூட்டு" என்றார் சவுரிராயன். "நீ போட்ட சங்கிலியெல்லாம் வெளித்திருடனுக்குத்தான். உள்ளயே ஒருத்தன் படுத்துக்கினு இருந்தா நீதான் இன்னா பண்ணுவ? அவன் லேப்டாப்பு வேற கெட்டுப்போச்சாமே. புத்தி கெட்டுப்போறதுக்குக் கேக்கணுமா? உன் மேலயே பழியப் போடறான். நீ இன்னா சொல்ற?"

பார்த்திபன் வாயைத் திறந்தான். அந்தக் கடிதத்தில் சந்தோஷின் பெயர் இருந்த இடத்தில் தன் பெயர் தெரிந்தது. கெடார் டீக்கடையில் அப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பயந்துவிட்டான். வேறு அழகான காரணம் எதுவும் கிடையாது, பயந்துவிட்டான்.

"சார், சந்தோஷ் எடுத்திருக்க மாட்டான் சார்" என்றான்.

"உன்ன மாட்டிவிடப் பாத்தவனுக்கே பேசுறியே. உனக்கு நல்ல மனசுடா" என்றார் சவுரிராயன். டோமினிக் அவன் தோளைத் தொட்டு, "அவனுக்காக நானும் வேண்டிக்கிறேன்" என்றான்.

அதற்குப் பிறகு பார்த்திபனின் புகழ் எங்கேயோ போய்விட்டது. பக்கத்து அறைக்காரர்கள் வந்து எந்தச் சங்கிலி வாங்கலாம், எந்தப் பூட்டு நல்லது என்று கேட்டார்கள். டோமினிக் இப்போது குளிக்கப் போகும்போதுகூட லேப்டாப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தான். புராஜெக்ட் நல்லபடியாக முடிந்த அன்றைக்குப் பஜ்ஜி வாங்கிவந்து நீட்டினான். பார்த்திபன் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு வெளியே போய்த் துப்பினான். சந்தோஷின் கட்டிலைப் பார்க்காமல் இருக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எழுந்தான். ஒருநாள் தள்ளிப்போட்டது மறுநாள் இரண்டு மடங்கு பெரிதாகிவிடும் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. முதல் நாள் சொல்லியிருந்தால் விளையாட்டு. பத்தாம் நாள் சொன்னால் அதற்கு வேறு பெயர். சந்தோஷின் எண்ணைப் போட்டுப் பார்ப்பான். அணைந்தே இருக்கும். அணைந்திருப்பதில் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிக்காகத் தன்னையே காறித் துப்பலாம்போல இருக்கும்.

மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை. வகுப்பில் ஆசிரியர், "சந்தோஷ் திங்கட்கிழமைக்குள்ள வரலன்னா வருகைப்பதிவு போயிடும், பரீட்சை எழுத முடியாது. யாராவது சொல்லிடுங்கப்பா" என்றார். கல்லூரிக்குள் அவன் வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. திருடன் என்ற பெயரோடு எவன் வருவான்? அன்று மதியம் விடுதிக்கு வந்தால் வீரம்மாள் ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

"சந்தோசோட அம்மா வந்து பொட்டியத் தூக்கிக்கினு போச்சுப்பா. உம் புள்ளைக்காக வார்டன் எதிர்ல பேசினது இந்தப் பார்த்திபன் தம்பி ஒண்ணுதான்னு சொன்னேன். அழுதுடுச்சு. இத உனக்குன்னு குடுக்கச் சொல்லிச்சு."

பிரிக்கவே வேண்டாம், வாசனையிலேயே தெரிந்தது. கருவாடு. பார்த்திபன் அதை வீரம்மாளிடமே திருப்பிக் கொடுத்தான். எதற்கு என்று அவள் கேட்பதற்குள் படியேறிவிட்டான்.

மறுநாள் காலை திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினான். திண்டிவனம் பஸ் நிலையத்தில் மரக்காணம் பஸ் நின்றிருந்தது. ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. கட்டணக் கழிப்பறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். எப்படித் தொடங்கினாலும் அந்த வாக்கியம் ஒரே இடத்தில்தான் போய் முடிந்தது. மூன்றாவது பஸ்ஸில் கண்டக்டர், "வர்றியா இல்லியாப்பா, பேஜாரு பண்ணாத" என்று கத்தியபோது ஏறினான்.

குப்பத்தில் வழி கேட்டதும் முதலில் பார்த்த ஆள், "ஆரு, அந்தக் கம்ப்யூட்டரு திருடுன பையன் ஊடா?" என்று கையைக் காட்டினார். விழுப்புரத்தில் இருக்கிற வரைக்கும் இந்தப் பேச்சு இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கும் என்று பார்த்திபன் நினைத்துப் பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கிய அம்மாவிடம் எத்தனை பேர் என்னென்ன கேட்டிருப்பார்கள்?

கோவிந்தம்மாள் அவன் பெயரைக் கேட்டதும் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"நீதானாய்யா அது! வாய்யா, உள்ள வா. எம் புள்ளைய நம்புன ஒரே புள்ள நீதான். உக்காரு, நல்ல மீனா பாத்து வாங்கிக்கினு ஓடியாறேன். சாப்புடாமப் போவக் கூடாது, ஆமா."

"அம்மா, அதெல்லாம் வேணாம்மா, நான் ஒண்ணு..."

அவள் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள்.

சந்தோஷ் பின்பக்கத்திலிருந்து வந்தான். படகு என்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறான். முழங்கை வரை கருப்பு எண்ணெய். மூன்று வாரத்தில் ஆள் பாதியாகி இருந்தான். பார்த்திபனைப் பார்த்ததும் முகம் மலரவும் இல்லை, சுருங்கவும் இல்லை. எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"சந்தோஷ், திங்கக்கெழம நீ காலேஜுக்கு வரணும். இல்லன்னா..."

"இருடா. மொதல்ல நான் ஒண்ணு சொல்லிடறேன்" என்றான் சந்தோஷ். "இத உன்கிட்ட சொல்லாம என்னால உன் மூஞ்சப் பாத்துப் பேச முடியாது. அன்னிக்கு அந்தப் பையில லேப்டாப்பு வந்ததும் நான் உன்னத்தான் சொன்னேன். வார்டன் கிட்ட, டோமினிக் கிட்ட, எல்லார்கிட்டயும். இங்க வந்தும் அப்பா கிட்ட உன் பேரத்தான் சொல்லிக்கினு இருந்தேன். கெட்ட கெட்ட வார்த்தையா திட்டுனேன்டா உன்ன."

பார்த்திபன் குறுக்கே பேச வந்தான். சந்தோஷ் கையைக் காட்டி நிறுத்தினான்.

"அப்புறம் அம்மா வந்து சொல்லிச்சு, நீ எனக்காகப் பேசினியாம். நீ வெச்சிருந்தா அங்கயே சொல்லியிருப்பியே. எனக்காகப் பேச வந்தவன் அத மட்டும் மறைப்பானா? போயும் போயும் உன்ன சந்தேகப்பட்டுட்டேனேன்னு நேத்து ராத்திரி சோறு எறங்கலடா." சந்தோஷ் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது. "மன்னிச்சுக்கடா பார்த்திபா."

இதற்குத்தான் அவன் தயாராக வரவில்லை. அடிப்பான், துரத்துவான், கழுத்தைப் பிடிப்பான் என்றெல்லாம் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தான். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சரிடா விடு என்று சொல்லிவிட்டால் போதுமே என்றுகூடத் தோன்றியது. சந்தோஷை எப்படியாவது கல்லூரிக்கு இழுத்துப்போய்விடலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். அப்படித் தோன்றியதுதான் அவனைக் கடைசியில் உலுக்கியது. தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"நீ சந்தேகப்பட்டது சரிதான்" என்றான். "நான்தான் வெச்சேன்."

சந்தோஷ் விரலைத் துடைப்பதை நிறுத்தினான்.

"பூட்டாமப் போயிட்டான், எவனாவது தூக்கிடுவான்னுதான் வெச்சேன். போன்ல கேட்டப்ப வெளையாட்டுக்குத்தான் சத்தியம் பண்ணேன். வந்து பாத்தா எல்லாம் கைமீறிப் போயிருந்துச்சு. வார்டன் எதிர்ல வாயத் தொறந்தேன். வரல. பயந்துட்டேன்டா."

"மூணு வாரமா?"

"மூணு வாரமா."

சந்தோஷ் எண்ணெய்த் துணியைத் தரையில் போட்டான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒருத்தனாவது என்ன நம்புனான்னு நெனச்சுக்கினு இருந்தேன்" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. "இப்ப அதுவும் இல்ல."

பார்த்திபன் அழுதான். "திங்கக்கெழம வார்டன் கிட்ட, பிரின்சிபல் கிட்ட, கிளாஸ்ல எல்லார் எதிர்லயும் சொல்லிடறேன். எழுதிக் குடுத்துடறேன். நீ வாடா. பரீட்சைய மட்டும் விட்டுடாத."

"அதெல்லாம் அப்பறம். எங்கம்மா உனக்கு மீன் வாங்கப் போயிருக்குது. அது வந்ததும் அதுங்கிட்ட சொல்லு."

கோவிந்தம்மாள் மூச்சிரைக்க வந்தாள். கையில் பெரிய சங்கரா மீன்கள் இரண்டு, செவுள் இன்னும் சிவப்பாக இருந்தது. "வஞ்சரம் கெடைக்கலய்யா, இதுவும் ருசியாத்தான் இருக்கும்" என்று அரிவாள்மணையை எடுத்துப் போட்டாள். பார்த்திபன் எழுந்து நின்று சொன்னான். இந்த முறை காரணம் எதுவும் சொல்லவில்லை. நான் வெச்சேம்மா, பயந்துக்கினு சொல்லல, உங்க புள்ள எடுக்கல, அவ்வளவுதான்.

அவள் மகனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். மீனைப் பிடித்திருந்த கை அப்படியே இருந்தது. அறைவாள் என்று பார்த்திபன் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டான். அவள் மீனைச் சட்டியில் போட்டு, தண்ணீர் ஊற்றி மூடினாள்.

"வார்டன் கிட்ட சொல்றது உங்க பாடு" என்றாள். "இந்தக் குப்பத்துல நாப்பது ஊடு கீது. நாப்பது ஊட்லயும் எம் புள்ளையத் திருடன்னு சொல்லிட்டாங்க. அவங்கப்பா தலை நிமிந்து கரைக்குப் போயி மூணு வாரம் ஆவுது. போ, ஒவ்வொரு ஊடா போயி உன் வாயால சொல்லிட்டு வா. அப்பறம் சோறு போடறேன்."

சந்தோஷ் கூட வருவான் என்று பார்த்திபன் ஒரு கணம் எதிர்பார்த்தான். அவன் எழுந்து பின்பக்கம் என்ஜினிடம் போய்விட்டான்.

வெயில் ஏறியிருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு பெண்மணி வாசலில் உட்கார்ந்து காய்ந்த மிளகாயைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்து, "ஆரு தம்பி, இன்னா வேணும்?" என்றாள்.

"நான் சந்தோஷ் ரூம்ல தங்கிப் படிக்கிறவங்க" என்றான் பார்த்திபன். "அந்த லேப்டாப்ப எடுத்து அவன் பையில வெச்சது நான்தாங்க."